ஜவ்வாது மலை ஓடைக்கரையில் இரண்டு இரவு: முதலுதவிப் பெட்டி எங்கே கைவிட்டது

வேலூரிலிருந்து ஒரு வேனில் பன்னிரண்டு பேர். பெரியவர்கள் ஒன்பது, பிள்ளைகள் மூன்று. ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஓடையோரம் இரண்டு இரவு தங்கும் திட்டம். காலம் டிசம்பர் கடைசி: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஓடையில் தண்ணீர் நன்றாக ஓடும், இரவில் குளிர் கடிக்கும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க முடியாது என்பதால், உரிமையாளரைக் கேட்டு ஒரு பட்டா நிலத்தில் கூடாரம் போட்டார்கள். வண்டி நிற்கும் சாலைக்கும் கூடாரத்துக்கும் இடையே அரை கிலோமீட்டருக்கு மேல் ஒற்றையடிப் பாதை.

வெவ்வேறு குழுக்களுக்குத் திரும்பத் திரும்ப நேர்வதை ஒரே பயணமாக இங்கே கோத்திருக்கிறோம். பெட்டியில் என்ன இருந்தது, எது இல்லை, இருந்ததும் ஏன் உதவவில்லை என்பதுதான் ஆய்வின் பொருள்.

முதலில் ஒரு கணக்கு. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் இறங்கச் சுமார் 40 கி.மீ. மலைப்பாதை, பகலிலேயே ஒரு மணி நேரம் பிடிக்கும். அமிர்திக்குப் போயிருந்தால் வேலூர் 25 கி.மீ.தான். மோர்தானா அணைப்பக்கம் போயிருந்தால் குடியாத்தம் கிட்டே. அங்கெல்லாம் போதுமான பெட்டி இங்கே போதாது. எத்தனை பேர், எத்தனை நாள் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அடிபட்டவர் டாக்டர் கைக்குப் போய்ச்சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. பைக்குள் எது, எவ்வளவு, எங்கே என்பதை அந்தக் கேள்விதான் தீர்மானிக்க வேண்டும்.

கொண்டுபோன பெட்டி

மருந்துக்கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் பெட்டி. சின்னப் பஞ்சுச் சுருள் ஒன்று, பேண்ட்-எய்ட் பத்து, 5 செ.மீ. அகல பேண்டேஜ் இரண்டு, டெட்டால் குப்பி, தீக்காயத்துக்கு ஒரு டியூப், பாராசிட்டமால் ஒரு அட்டை, சின்னக் கத்தரிக்கோல். பெட்டி இருந்தது வேனின் டேஷ்போர்டில். முந்தைய கோடை முழுவதும் அங்கேயேதான் கிடந்தது. வெளியே 40 டிகிரி அடிக்கும் வேலூர் வெயிலில், மூடிய வண்டிக்குள் சூடு அதைவிடப் பல டிகிரி ஏறும். பேண்ட்-எய்டின் பசை காய்ந்திருந்தது. டியூபைப் பிதுக்கினால் முதலில் எண்ணெய் பிரிந்து வந்தது.

சனி மதியம்: உள்ளங்காலில் பாட்டில் சில்லு

செருப்பில்லாமல் ஓடையில் இறங்கிய ஒரு கல்லூரி மாணவருக்குக் குதிகாலுக்கு முன்னால் 4 செ.மீ. நீளத்தில் வெட்டு. பாறை வெட்டவில்லை, யாரோ உடைத்துப் போட்ட மதுப்பாட்டிலின் சில்லு. அருவி, ஓடை என்று மக்கள் கூடும் இடமெல்லாம் இது கிடக்கிறது. பழைய கேன்வாஸ் ஷூ போட்டு இறங்கியிருந்தால் இந்தக் காயமே இல்லை.

"பெட்டி எங்கண்ணா?" என்று கேட்டபோது வேன் அங்கே இல்லை. டிரைவர் சாப்பிட ஊருக்குள் போயிருந்தார், வண்டியோடு. பெட்டி கைக்கு வர 40 நிமிடம் ஆனது. அதற்குள் ஒருவர் நல்லெண்ணத்தோடு காப்பித்தூளை வைத்து அமுக்கிவிட்டார். பெட்டி வந்ததும் டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினார்கள். பஞ்சை வைத்துப் பேண்ட்-எய்டை ஒட்டினார்கள். ஈரக்காலில் அது பத்தடி தாங்கவில்லை. மாலையில் பஞ்சை எடுக்கப் பார்த்தபோது இழைகள் காயத்தோடு ஒட்டிக்கொண்டு, எடுத்த எடுப்பில் மறுபடி ரத்தம்.

செய்ய வேண்டியது வேறு. ரத்தம் நிற்க, மடித்த காஸ் துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தி, கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் பிடிக்க வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்துகொண்டிருக்கும் ரத்தம் பிய்ந்து, கணக்கு முதலிலிருந்து தொடங்கும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைக்கலாம்.

ரத்தம் நின்றபின் கழுவுவதுதான் முக்கிய வேலை, அதற்குத்தான் பெட்டியில் ஒன்றுமே இல்லை. ஊசியில்லாத 20 மி.லி. சிரிஞ்சில் குடிதண்ணீரை ஏற்றி, காயத்துக்கு மூன்று நான்கு செ.மீ. மேலே பிடித்து, பலமாகப் பீய்ச்ச வேண்டும். வேகமான தாரைதான் மண்ணையும் பாசியையும் வெளியே தள்ளும். மேலோட்டமாக ஊற்றும் தண்ணீர் தள்ளாது. குறைந்தது ஒரு லிட்டர். அப்படியென்றால் சிரிஞ்ச் ஐம்பது தடவை நிரம்ப வேண்டும். பத்தாவது தடவையிலேயே கை சலித்து, "போதும்ப்பா" என்று யாராவது சொல்வார்கள். அங்கே நிறுத்தினால் மூன்றாம் நாள் சீழ் வைக்கும். இருவர் மாறி மாறிச் செய்யுங்கள். சிரிஞ்ச் இல்லையா, தண்ணீர் பாட்டில் மூடியில் நெருப்பில் காட்டிய ஊக்கால் ஒரு துளை போட்டுப் பாட்டிலைப் பிழியலாம். சில்லு ஆழத்தில் குத்தி நின்றால் மட்டும் பிடுங்கக் கூடாது. அசையாமல் சுற்றிலும் துணி கொடுத்துக் கட்டிக் கீழே கொண்டுபோக வேண்டும்.

திறந்த காயத்தில் டெட்டாலை அப்படியே ஊற்றினால் கிருமியோடு ஆறவேண்டிய தசையும் கெடும். பஞ்சு காயத்தைத் தொடவே கூடாது. காஸுக்கு மேல் மெத்தையாக வைக்கலாம், அவ்வளவுதான். ஓடைக் காயத்தைப் பிளாஸ்திரி போட்டு இழுத்து மூடவும் கூடாது, உள்ளே தங்கிய அழுக்குக்குக் கதவடைத்த மாதிரி ஆகிவிடும். ஈரம் துடைத்து, காஸ் வைத்து, 10 செ.மீ. அகல பேண்டேஜைப் பாதத்துக்கும் கணுக்காலுக்கும் எட்டு வடிவில் மாற்றிச் சுற்றி, மேலே சாக்ஸ். மறுபடி ஓடையில் இறங்குவதில்லை: காயத்தின் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி ஏறும். விரல் மரத்துப்போனாலோ மடக்க முடியாவிட்டாலோ உள்ளே நரம்போ தசைநாரோ வெட்டுப்பட்டிருக்கும். அன்றே இறங்க வேண்டும். கடைசியாக டி.டி. ஊசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் இந்த மாதிரி அழுக்குக் காயத்துக்கு மறுபடி போட வேண்டும்.

சனி மாலை: வடிகஞ்சி

விறகடுப்பில் சோறு வடிக்கும்போது பானை சரிந்து, நான்கு வயதுப் பெண்குழந்தையின் முன்கையில் கொதிகஞ்சி. சுடுதண்ணீரைவிடக் கஞ்சி மோசம். வழியாமல் ஒட்டிக்கொண்டு சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். ஒருவர் டூத்பேஸ்ட் தேடினார், இன்னொருவர் டியூபைப் பிதுக்கினார். இரண்டும் சூட்டை உள்ளேயே அடைக்கும். பின்னால் டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போது குழந்தைக்கு இரண்டாம் வேதனை.

தண்ணீர்தான் மருந்து. ஓடும் தண்ணீரில் 20 நிமிடம், முழுசாக 20 நிமிடம். குடிதண்ணீர் பற்றாவிட்டால் ஓடைத் தண்ணீரிலேயே ஆற்றி, கடைசியில் நல்ல தண்ணீரால் அலசலாம். உடனே முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் ஆற்றினால் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம். வீங்குவதற்குள் வளையல், மோதிரம் கழற்ற வேண்டும். இடுப்புப் பக்கம் பட்டிருந்தால் அரைஞாண் கயிற்றை வெட்ட வேண்டும். டிசம்பர் மலைக்குளிரில் கையை நனைக்கும்போது உடம்பைப் போர்வையால் மூடுங்கள், சின்னக் குழந்தை சீக்கிரம் விறைத்துவிடும்.

பிறகு கொப்புளத்தை உடைக்காமல், பாரஃபின் காஸ் (பாரஃபின் தடவிய, காயத்தில் ஒட்டாத காஸ் துணி) வைத்துத் தளர்வாகக் கட்டு. அது இல்லையென்றால் சாப்பாட்டை மூட வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளின் (கிளிங் ஃபிலிம்) முதல் சுற்றை எறிந்துவிட்டு, அடுத்த துண்டைக் காயத்தின்மேல் பரத்தலாம். கையைச் சுற்றி இறுக்கக் கூடாது. குழந்தையின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அதன் உடம்பில் சுமார் நூற்றில் ஒரு பங்கு. அந்த அளவில் ஐந்துக்கு மேல் வெந்திருந்தாலும், முகம், மணிக்கட்டுக்குக் கீழே கை, மூட்டு, மறைவிடம் என்று எங்கே பட்டிருந்தாலும், இரவானாலும் இறங்க வேண்டும்.

வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கப் போனபோது பெட்டியில் இருந்தது 500 மி.கி. பெரியவர் மாத்திரை. ஒரு அம்மாவின் கைப்பையில் சிரப் இருந்தது, எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. என்பது ஒரு வேளைக் கணக்கு. 16 கிலோ பிள்ளைக்கு 240 மி.கி. ஆனால் சிரப் இரண்டு வலுவில் விற்கிறது: 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றால் 10 மி.லி. வேண்டும், 250 மி.கி. என்றால் 5 மி.லி.க்குக் கொஞ்சம் குறைவு. குப்பியை மாற்றிப் படித்தால் இரண்டு மடங்கு போய்விடும். கிளம்பும் முன்பே பிள்ளையின் பெயர், எடை, வேளைக்கு எத்தனை மி.லி. என்று அழியாத மார்க்கரால் குப்பியிலேயே எழுதி ஒட்டுங்கள். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் யாரும் வகுத்தல் கணக்குப் போட வேண்டாம்.

ஞாயிறு விடியலுக்கு முன்: விரியன்

மூன்று மணிக்குச் சிறுநீர் கழிக்க வெறுங்காலோடு, டார்ச் இல்லாமல் வெளியே வந்தவருக்குக் கணுக்காலில் கடி. சின்னப் பாம்பு, உடம்பைச் சுருட்டி உரசிச் சரசரவென்று சத்தம் எழுப்பியது என்றார். சுருட்டை விரியன் அப்படித்தான் செதிலை உரசும்.

கூடாரத்துக் கயிற்றை எடுத்துக் கெண்டைக்காலில் இறுக்கிக் கட்டினார்கள். பிறகு அவரை இருட்டில் சாலைவரை நடக்க வைத்தார்கள். இரண்டும் தப்பு; மனம் பதைத்துச் செய்த தப்பு, ஆனாலும் காலையே பறிக்கக்கூடிய தப்பு. விரியன் விஷம் கடித்த இடத்துத் தசையையே அரிக்கும். கயிறு அதை அங்கேயே தேக்கி, ரத்த ஓட்டத்தையும் நிறுத்தும். நடந்தால் தசை அசைந்து விஷம் சீக்கிரம் பரவும். தயவுசெய்து கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். ஏற்கெனவே இறுக்கிக் கட்டிவிட்டிருந்தால் வழியில் படக்கென்று அவிழ்க்கவும் வேண்டாம். தேங்கிய விஷம் ஒரே மூச்சில் ஏறும். ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் அவிழ்க்கட்டும்.

எலும்பு முறிந்த காலை எப்படி அசைக்காமல் வைப்போமோ அப்படி வைக்க வேண்டும். இரண்டு மூங்கில் பட்டை, அல்லது இறுக்கிச் சுருட்டிய பாய், நான்கு இடத்தில் துணிக்கட்டு, ஒரு விரல் நுழையும் தளர்வில். மெட்டி, கொலுசு, ஷூ கழற்ற வேண்டும். இரண்டு மூங்கில் கழியை இரண்டு லுங்கிக்குள் நுழைத்தால் தூக்குக்கட்டில் தயார். நான்கு பேர் தூக்க, இரண்டு பேர் மாற்று. வீக்கம் எதுவரை ஏறியது என்று மார்க்கரால் தோலிலேயே கோடு போட்டு, பக்கத்தில் மணி எழுதுங்கள். டாக்டருக்கு அந்தக் கோடுகள் பெரிய உதவி. பாம்பைத் தேடி அடிக்கப் போவது நேர விரயம், இரண்டாவது கடிக்கும் வழி. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும்.

ஆஸ்பத்திரியில் அவருடைய ரத்தம் 2 மி.லி. எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். சாய்த்துப் பார்த்தபோது உறையாமல் ஓடியது. விஷம் ஏறியதற்கு அதுவே சாட்சி. விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள், பிழைத்தார். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அதைப் பையில் கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது: நரம்பில் ஏற்ற வேண்டியது, முதல் வேளைக்கே எட்டுப் பத்துக் குப்பி ஆகலாம், ஏறும்போதே கடும் ஒவ்வாமை வரலாம். அதற்குப் பதிலாக, கிளம்பும் முன்பு போன் செய்து, வழியில் எந்த ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்தும் இரவு டாக்டரும் உண்டு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2024-ல் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கியதால் ஆஸ்பத்திரிகள் ஒவ்வொரு கடியையும் பதிய வேண்டும். நேரம், இடம் கேட்பார்கள்.

கட்டுவிரியன் இன்னொரு விதம். தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். வலி தெரியாது, தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தொங்கல், நாக்குக் குழறல் என்றால் அஜீரணம் என்று சோடா கொடுக்காமல் வண்டியைக் கிளப்புங்கள். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே போக வேண்டும். ஜிப் முழுசாக மூடிய, அடித்துணி தைத்த கூடாரம் இதைத் தடுக்கும்.

நல்லவேளையாக நடக்காதது

மூழ்குதல் இந்தப் பயணத்தில் நடக்கவில்லை, ஆனால் தடுக்க எதுவும் இல்லை. மிதக்கும் கயிறு 20 மீட்டர், அதன் நுனியில் காலி 5 லிட்டர் கேன். இது கரையில் சுருட்டி வைத்திருந்தால் நீந்தத் தெரியாதவரும் வீசிக் காப்பாற்றலாம்; பின்னால் குதிப்பவர்தான் இரண்டாவது ஆளாகப் போவது. வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க வேண்டாம். முதலில் வாய்வழி மூச்சு, பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு, அதே வரிசையில் ஆள் வரும்வரை. ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் வரத் தொடங்கினால் மேலே மழை. எல்லோரும் உடனே கரையேற வேண்டும்.

மறுபடி கட்டிய பை

ஒரே பெட்டி என்பதை விட்டு, இரண்டாகப் பிரித்தோம். ஒன்று தண்ணீருக்குப் போகிறவர் இடுப்பில், மற்றது கூடாரத்தில். வண்டியில் எதுவும் தங்காது.

இடுப்புப் பையில்: 10 செ.மீ. சதுர காஸ் ஐந்து, 10 செ.மீ. பேண்டேஜ் ஒன்று, கிரேப் (இழுபடும்) பேண்டேஜ் ஒன்று, 20 மி.லி. சிரிஞ்ச், கையுறை ஒரு ஜோடி, மூச்சு ஊதும் மாஸ்க், விசில். இவ்வளவுதான், கனத்தால் கழற்றி வைத்துவிடுவார்கள்.

கூடாரப் பையை மருந்து வகைப்படி அடுக்காமல், நேரும் விபத்துப்படி அடுக்க வேண்டும். ஜிப் கவர்கள் நான்கு, மேலே பெரிய எழுத்தில் தமிழில்: ரத்தம், தீ, வயிறு, கடி. பதறிய ஆள் தேடவே கூடாது. பன்னிரண்டு பேருக்கு இரண்டு இரவு என்றால் காஸ் இருபது, 10 செ.மீ. பேண்டேஜ் ஆறு, 15 செ.மீ. இரண்டு, கிரேப் இரண்டு, ஈரத்திலும் ஒட்டும் துணிப் பிளாஸ்திரி ஒரு சுருள், பாரஃபின் காஸ் ஐந்து, கையுறை நான்கு ஜோடி, முள் பிடுங்கி, நுனி மழுங்கிய பெரிய கத்தரி, ஊக்கு ஆறு, தெர்மாமீட்டர், உடம்புச் சூட்டைக் காக்கும் தகடுப் போர்வை இரண்டு, தலையில் மாட்டும் டார்ச், மார்க்கர். பழைய வேட்டியை மீட்டர் சதுரமாக வெட்டி, மூலைக்கு மூலை இரண்டாக நறுக்கினால் கைத்தூளி இரண்டு கிடைக்கும். துவைத்து இஸ்திரி போட்டு வையுங்கள்.

வயிற்றுக் கவரில் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பாக்கெட் பத்து. 200 மி.லி. பாக்கெட்டும் கடையில் உண்டு. இரண்டையும் கலந்து வைக்காதீர்கள். ஒரு லிட்டர் பொடியை டம்ளரில் கரைத்தால் உப்பு அளவுமீறும், சின்னதை லிட்டரில் கரைத்தால் பலன் இராது. ஒவ்வொரு முறை பேதி போனபின் பெரியவருக்கு 200 முதல் 400 மி.லி., இரண்டு வயதுக்கு மேல் பிள்ளைக்கு 100 முதல் 200. கட்டிதட்டி நிறம் மாறிய பாக்கெட்டை எறிந்துவிடுங்கள். பேதியை நிறுத்தும் லோபரமைடு பிள்ளைகளுக்கும், ரத்தத்தோடு போகிறவர்களுக்கும் கூடாது.

கடிக் கவரில் ஒரு சோப்புக்கட்டி அவசியம். மலைக்குப் போகிறவர்கள் தின்பண்டத்தை வெளியே வைத்தால் குரங்கு வரும். கீறினாலும் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி தொடங்க வேண்டும். செட்ரிசைன் 10 மி.கி. பத்து மாத்திரை. மலைத்தேனீக் கூடு தொங்கும் பாறைக்கோ மரத்துக்கோ கீழே அடுப்பு மூட்டினால் புகைக்குக் கூட்டமே இறங்கும். கொட்டியபின் முகம் வீங்கி மூச்சு இரைத்தால் செட்ரிசைன் போதாது, வேண்டியது அட்ரினலின் ஊசி. ஏற்கெனவே அப்படி ஒவ்வாமை வந்தவர் டாக்டரிடம் கேட்டு, போடக் கற்றுக்கொண்டு, தனக்கென்று கொண்டுவர வேண்டும்.

எல்லாம் உருட்டி மூடும், தண்ணீர் புகாத ட்ரை பேக்குக்குள். நம்பும் முன் சோதியுங்கள்: உள்ளே காய்ந்த டிஷ்யூ காகிதம் வைத்து, வாயை மூன்று மடிப்பு மடித்துக் கொக்கி போட்டு, வாளித் தண்ணீரில் ஐந்து நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். இரண்டு மடிப்பில் பெரும்பாலும் ஓரத்தில் ஈரம் தெரியும். பெரிய வாய் ஊறுகாய் ஜாடி, மூடியில் ரப்பர் வளையத்தோடு கிடைத்தால் அதுவும் நல்லதே. போவிடோன் அயோடின் (கிருமிநாசினி) குப்பி மலைவளைவுக் குலுக்கலில் தானாகத் திறந்துகொள்ளும். மூடியைப் பிளாஸ்திரியால் சுற்றித் தனிக் கவரில் போடுங்கள், இல்லையென்றால் காஸ் முழுவதும் பழுப்பாகும்.

மேலேயே ஒரு சீட்டு: ஒவ்வொருவர் பெயர், வயது, ஒவ்வாமை, சர்க்கரை, பி.பி., ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்டா. பின்பக்கம் 108-க்குச் சொல்ல வேண்டிய வரி: எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் ரோடு, கடைசியாகத் தாண்டிய கிலோமீட்டர் கல்லின் எண், கூட்டிப்போக யார் ரோட்டில் நிற்பார். போன் சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கிறது என்று வந்த அன்றே பகலில் பார்த்து, அதையும் எழுத வேண்டும். திரும்பி வந்த அன்று இரவே, செலவானதை நிரப்பி, பையை வீட்டு அலமாரியில் வையுங்கள்.

பத்து நாள் கழித்து

குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல், தலைவலி. சாதாரண வைரஸ் என்று மூன்று நாள் பாராசிட்டமால் போட்டுக்கொண்டார். புல்தரையில் பாய் விரித்துப் படுத்தவர் அவர். இடுப்பு நாடாவுக்குக் கீழே, பீடி நெருப்புச் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று; வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அவர் பார்க்கவே இல்லை. புதரில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணியின் புழு கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ். வேலூர் வட்டாரத்தில் மழை ஓய்ந்த குளிர்மாதங்களில் இது நிறைய. கடுமையான நிலைக்கு எந்த மருந்துச் சேர்க்கை நல்லது என்று 2023-ல் வெளியான பெரிய ஆய்வைத் தலைமையேற்று நடத்தியதே வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள்தான். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே அடங்கும். விட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கும்.

பயணம் முடிந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்புக்குக் கீழ்மடிப்பு எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் வேறொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும் டாக்டரிடம் முதல் வாக்கியமாக, இன்ன தேதியில் ஜவ்வாது மலையில் தரையில் படுத்தேன், ஓடையில் இறங்கினேன் என்று சொல்லிவிடுங்கள்.